கஜபதி வரும் நேரம்

முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கஜபதியின் குறடு ஒரு வீட்டில் இருக்கும். சுத்தியல் வேறொரு வீட்டில். பெரிய பைப் ரெஞ்சு இன்னொரு வீட்டு பால்கனியில், துணிக்கொடிக்குக் கீழே துருப்பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆள் மட்டும் எந்த வீட்டிலும் இருக்க மாட்டான்.

குழாய் வேலைக்காரர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பாதி வேலையில் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினால் வீட்டம்மா லேசில் விட மாட்டார். அதனால் சாமான் ஒன்றை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். "பை இங்கதாம்மா கீது, நான் எங்க போய்டப் போறேன்?" என்று கேட்டால் எதிர்ப்பேச்சு வராது. மற்றவர்கள் இதை என்றைக்காவது செய்வார்கள். கஜபதிக்கோ அன்றாடம் இதுதான். ஒருமுறை அவன் தன் சொந்த ஸ்பேனரை ஒரு வீட்டில் கெஞ்சி இரவல் வாங்கிக்கொண்டு போய் இன்னொரு வீட்டில் வேலை செய்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை தெரியாதவன் என்று நினைத்துவிடக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இடமெல்லாம் முட்டிவரை சேறாகக் கிடந்தபோது, பாடிகுப்பத்திலிருந்து பள்ளம் தோண்டும் கூலியாக வந்து சேர்ந்தவன் அவன். குடியிருப்பு உயர உயர அவனும் குழாய் பதிக்கக் கற்றுக்கொண்டான். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எப்படி வளைந்து போகிறது என்பது அவனுக்கு அத்துப்படி. அதனால்தான் எத்தனை திட்டினாலும் சனங்கள் மறுபடியும் அவனையே கூப்பிட்டார்கள்.

பொய்க்காரன் என்றால் அதுவும் அநியாயம். ஒருவர் முகம் வாடினால் கஜபதியால் தாங்க முடியாது. "எப்பப்பா வருவே?" என்று கேட்டதும், கேட்கிறவர் மனம் நோகாத பதில் எதுவோ அது தானாக அவன் வாயில் வந்துவிடும். "இதோ வந்துகினே கீறேம்மா" என்பான். சொல்லும்போது மனதாரத்தான் சொல்வான். ஒரே காலையில் அதை ஒன்பது பேரிடம் மனதாரச் சொல்லிவிடுவான், அதுதான் கோளாறு. இதில் குடியிருப்புக்காரர்களுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. "இன்னிக்கு முடியாதும்மா" என்று எவனாவது உண்மையைச் சொன்னால் அவனுக்குத் திமிர் என்பார்கள். "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு நான்கு நாள் வராதவனை நல்ல பையன் என்பார்கள்.

இதெல்லாம் தொழிலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வீட்டுக்கும் வந்துவிட்டது.

கல்யாணமாகி நான்கு வருஷம் கழித்து அவன் மனைவி புஷ்பா உண்டானாள். தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு புதன்கிழமை, பாடிகுப்பத்து வாடகை வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு போட்டு, அன்றைக்கே பெண்ணை நசரத்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. கிளம்பும்போது புருஷன் அவள் நெற்றியில் குங்குமம் வைத்து வழியனுப்ப வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். காலையில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்து, மாடித் தொட்டியின் வால்வு இறுகிப்போய்த் திறக்கவில்லை என்று சொன்னான். "ஒரு திருகு திருகிட்டு இதோ வந்துர்றேன்" என்று புது வேட்டியோடு கிளம்பினான் கஜபதி.

அந்த வீட்டிலிருந்து அடுத்த வீடு. அங்கிருந்து அதற்கடுத்த வீடு. யாரிடமும் அவனுக்கு முடியாது என்று சொல்ல வரவில்லை. இன்று என் மனைவிக்கு வளைகாப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே பிடித்துத் தள்ளி அனுப்பியிருப்பார்கள். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டில் பன்னிரண்டு மணி ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று பார்த்தார்கள், ஆள் இல்லை. ராகு காலம் போகட்டும் என்று உட்கார்ந்தார்கள், அப்போதும் இல்லை. வந்தவர்கள் சாப்பிட்டுக் கையலம்பி, புஷ்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் அவள் அம்மா குப்பம்மாவே குங்குமத்தை வைத்து மகளை ஆட்டோவில் ஏற்றினாள்.

தெரு மூலையில் ஆட்டோ திரும்பும்போது கஜபதி எதிரே வந்தான். வேட்டியெல்லாம் சேறு. புஷ்பா அழவில்லை, சத்தம் போடவில்லை.

"நான் ஒன்னியும் கேக்கப் போறதில்ல" என்றாள். "கொழந்த பொறந்தாலும் அந்த ஊட்டுக்கு வர மாட்டேன். வரேன் வரேன்னு சொல்லிகினே கீற ஆளப் பாத்து வளந்தா, அதுவும் தெனம் வாசல்ல நின்னு ஏமாந்துகினுதான் கெடக்கும். நான் ஏமாந்தது போதும்."

ஊர் பார்வைக்கு அவள் வழக்கப்படி தாய்வீடு போனாள். கோபித்துக்கொண்டு போனாள் என்பது கஜபதிக்கும் குப்பம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். யாரும் துக்கம் விசாரிக்கக்கூட வழியில்லை. "இன்னா கஜபதி, பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டா, ஜாலியா?" என்று கேட்டவர்களிடம் அவன் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்தான்.

சமாதானம் செய்ய இரண்டு முறை நசரத்பேட்டைக்குப் போனான். முதல் முறை, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போய் நின்றான். இரண்டாம் முறை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னான். புஷ்பா நிறைமாதக் களைப்போடு மீன் குழம்பு வைத்திருந்தாள். விளக்கு வைத்த பிறகு போனான். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குழம்பு வாசனை வந்தது.

இந்தச் சமயத்தில்தான் அப்துல் முத்தலிப் துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். குடியிருப்பில் இரண்டாவது மாடி. பாத்ரூம் தரையை உடைத்துப் போட்டுவிட்டு, சுத்தியலை அங்கேயே வைத்துவிட்டு, கஜபதி மூன்று நாள் தலைகாட்டவில்லை. முத்தலிப்பும் அவர் மனைவி ராபியாவும் பிள்ளைகளும் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் அகப்பட்டவனை முத்தலிப் திட்டவில்லை. உள்ளே போய், மடித்த மணிபர்ஸ் மாதிரி ஒரு கறுப்புச் சாமானை எடுத்து வந்தார். திறந்தால் ஒரு பக்கம் சின்னத் திரை, மறுபக்கம் கடுகு கடுகாக இங்கிலீஷ் எழுத்துப் பொத்தான்கள்.

"டிஜிட்டல் டைரி. என் மச்சானுக்குன்னு கொண்டாந்தேன். அவனுக்கு எங்கயும் போற வேலையே இல்ல, அவன் இத வச்சு என்ன செய்யப் போறான்? ஒனக்குத்தான் இது வேணும். யார் வீட்டுக்கு எப்ப வரேன்னு சொல்றியோ, அத இதுல அடிச்சி வை. நேரம் வந்தா சத்தம் குடுக்கும். திரையில அவங்க பேரு வரும்."

"எனக்கு இங்கிலீஷ் வராது பாய்."

"எழுத்து தெரியுமா?"

"குழாய்மேல போட்டுகீறதெல்லாம் படிப்பேன்."

"அது போதும். தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடி. மெஷினுக்கு என்ன தெரியும்? ஆனா ஒண்ணு, மொதல்ல இதுல அடி, அதுக்கப்பறம் வாயத் தொற."

பொத்தான்களை ஒரு தடவை காட்டிக்கொடுத்துவிட்டு, அந்த வாரமே முத்தலிப் விமானம் ஏறிவிட்டார். கஜபதி அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு தெரு சுற்றினான். எங்காவது நனைந்துவிடுமோ என்று பால் கவர் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் போட்டுக்கொண்டான். முதலில் கூப்பிட்டது மூன்றாவது மாடி லோகநாயகி அம்மா. ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி, பேச்சில் காரம் அதிகம்.

"அடுக்களைக் குழாய் ஒழுகுதுப்பா. எப்ப வரே?"

வழக்கம்போல "இதோ" என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டு டைரியைத் திறந்தான். அது தேதி கேட்டது. போட்டான். பிறகு மணி கேட்டது. கஜபதி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அதில் 'இதோ' என்று போட இடமே இல்லை. 'இப்ப வந்துர்றேன்' என்பதற்கும் இல்லை. அதற்கு வேண்டியது ஒரு எண். பிறந்ததிலிருந்து அவன் யாருக்கும் எண்ணாகப் பதில் சொன்னதில்லை. வியர்த்துவிட்டது. "நாளைக்குக் காலையில பத்து மணி" என்று ஒருவழியாகச் சொல்லி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான்.

மறுநாள் பத்து மணிக்கு லோகநாயகி அம்மா வீட்டு வாசலில் நின்றான். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை. பிறகு பால்கனிக்குப் போய், "ஏங்க, கஜபதி வந்திருக்கான், சொன்ன நேரத்துக்கு!" என்று கீழே காய்கறி வாங்கிக்கொண்டிருந்த கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அந்தச் சந்தோஷம் அவன் தலைக்கு ஏறிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் நேரம் கொடுத்தான். அவர்கள் எல்லோருக்குமே அவன்மேல் ஒரே புகார்தான்: ஆள் வருவதில்லை. அதனால் வந்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று அவன் முழுசாக நம்பினான். ஒன்பது மணிக்கு ஒரு வீடு, ஒன்பதரைக்கு ஒரு வீடு, பத்துக்கு ஒரு வீடு. டைரி கீகீ என்று கத்தும். அவன் துள்ளி எழுவான். கையில் இருக்கும் குழாய், அவிழ்த்த வால்வு, பிரித்துப் போட்ட ஃப்ளஷ் டேங்க், எல்லாம் போட்டது போட்டபடி கிடக்க, அடுத்த வீட்டுக்கு ஓடுவான். அங்கே சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பான். அந்த வீட்டில் குழாயைக் கழற்றி முடிப்பதற்குள் டைரி மறுபடியும் கத்தும்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டு பிளாக்கில் ஒரு வீட்டிலும் உருப்படியாகக் குழாய் இல்லை. லோகநாயகி அம்மா தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மெயின் வால்வை மூடிவிட்டு அவன் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சீயக்காய் நெற்றியில் வழிய, அவர் சண்முகசுந்தரத்தின் ஹார்டுவேர் கடைக்கே வந்துவிட்டார். கஜபதிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். அவருக்கு முன்னாலேயே நாலைந்து பேர் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் வாஷர் வாங்க வந்த கஜபதி.

"முன்னாடியெல்லாம் நீ வர மாட்டே" என்றார் லோகநாயகி அம்மா. "ஆனா குழாயாவது செவுத்துல இருந்துச்சு. இப்ப நீ கரெக்டா வரே, குழாயும் போச்சு. நீ வர்ற நேரத்த அந்த டப்பாவுல போட்டுட்டே. எங்க வீட்ல தண்ணி வர்ற நேரத்த எதுலப்பா போடுவே?"

கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கஜபதிக்குச் சிரிப்பு வரவில்லை. புஷ்பா ஆட்டோவிலிருந்து பார்த்த அதே பார்வையை அவர் முகத்தில் பார்த்தான். சிரித்தவர்கள் போன பிறகு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து டைரியைத் திறந்தான். வரிசையாக மணியும் பேருமாக ஓடியது. எல்லாம் போய் நிற்கிற நேரம். எந்த வேலை எப்போது முடியும் என்று ஒரு வரிகூட இல்லை. முடிக்கிற நேரத்தைப் பற்றி அவன் வாழ்க்கையில் நினைத்துப் பார்த்ததே கிடையாது. யாராவது கேட்டால் "அஞ்சி நிமிசம்" என்பான். எல்லா வேலையும் அவனுக்கு அஞ்சு நிமிஷம்தான்.

"யோவ், இடத்தக் காலி பண்ணு, மூட்டை எறக்கணும்" என்றார் சண்முகசுந்தரம்.

அன்று அத்தனை வீட்டுக் குழாயையும் மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கும் மணியோடு முடியும் மணியையும் அடித்தான். வாஷர் மாற்றும் அஞ்சு நிமிஷ வேலை, கடைக்குப் போய் வருவது, துருவைச் சுரண்டுவது, வீட்டம்மா கொடுக்கும் காப்பியைக் குடிப்பது, அவர்கள் மாமியார் கதையைக் கேட்பது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணிக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. அவனுக்கே அது பெரிய அதிர்ச்சி. அப்படிக் கணக்குப் பார்த்தால் ஒரு பகலுக்கு நாலு வீடு தாங்கும். ஒன்பது பேர் கேட்டால், மீதி ஐந்து பேரிடம் அவன் முடியாது என்றாக வேண்டும்.

முடியாது. நாலே எழுத்து. கஜபதி டிவிஎஸ் ஃபிப்டியை ஓட்டிக்கொண்டே அதைச் சொல்லிப் பழகினான். முகப்பேர் ஏரிக்கரைப் பக்கம் எதிரே வந்த எருமைகளிடம் சொல்லிப் பார்த்தான். எருமைகளிடம் நன்றாகத்தான் வந்தது.

மனுஷரிடம் முதலில் சொன்னது முத்தலிப்பின் மனைவி ராபியாவிடம். சின்க் அடைத்துக்கொண்டது, இன்றைக்கே வர முடியுமா என்று கேட்டார். அவன் டைரியைப் பார்த்தான், இடமில்லை. "இன்னிக்கு முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, அடி விழப்போகிறவன் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான்.

"அப்ப எப்ப வருவே?"

"வியாழக்கெழம பதினோரு மணி. பன்னெண்டுக்கு முடிச்சிருவேன்."

"சரிப்பா. இப்படி வெவரமாச் சொல்லிட்டா நான் பாட்டுக்கு வேற வேலயப் பாத்துக்குவேன்ல?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் ராபியா. அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை, அவர் முகம் வாடவுமில்லை. கஜபதி மாடிப்படியிலேயே சற்று நேரம் உட்கார்ந்துவிட்டான். இந்த ஒரு சொல்லைச் சொல்லப் பயந்துதானே புஷ்பாவைத் தெருமூலையில் ஆட்டோவோடு அனுப்பினேன் என்று நினைக்க நினைக்க அழுகையே வந்துவிட்டது. மேலே யாரோ வரும் சத்தம் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

பாதி வேலையில் ஓடாதவனுக்குச் சாமானை அடகு மாதிரி விட்டுப் போகும் தேவையில்லை. வீடு வீடாகப் போய்த் தன் சாமான்களை வாங்கிக்கொண்டான். சுத்தியல் ஒரு வீட்டில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. உளியை வைத்து ஒரு பாட்டு டீச்சர் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் சேர்ந்ததும் தோல்பை கனத்தது. அத்தனை வருஷத்தில் அது அப்படிக் கனத்ததே இல்லை.

இதற்குள் புஷ்பாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. புதன்கிழமை காலையில், நசரத்பேட்டையில் குப்பம்மா வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மளிகைக் கடைக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் போட்டான். புஷ்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"நான் வந்து பாக்கணும், புஷ்பா."

"எப்போ?" என்றாள்.

பழைய கஜபதியாக இருந்தால் "இதோ, இப்பவே" என்றிருப்பான். இவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டைரியைத் திறந்தான்.

"இன்னாய்யா, சத்தத்தக் காணோம்?"

"பாத்துகினு கீறேன். இன்னிக்கு முடியாது. ஞாயித்துக்கெழம நாலு மணி."

அவன் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை அவள் கேட்டதே இல்லை. கொஞ்சம் தடுமாறிப் போனாள். ஆனாலும் விடவில்லை. "நாலரைக்கு ராகு காலம். அம்மா அப்புறம் வாசப்படி மிதிக்க உடாது. நாலுன்னா நாலு. அன்னிக்கும் நீ வரலன்னா இனிமே இந்தக் கடைக்குப் போன் பண்ணாத. கொழந்த பொறந்தா சொல்லி அனுப்புவோம், அவ்ளோதான்."

ஞாயிறு காலை இரண்டு வேலை. இரண்டையும் போட்ட மணிக்கு முடித்தான். வீட்டுக்குப் போய்க் குளித்து, வளைகாப்பன்று கட்டிய அதே வேட்டியை, சேற்றுக்கறை முழுசாகப் போகாத வேட்டியைக் கட்டிக்கொண்டான். சண்முகசுந்தரம் ஞாயிறன்று இரண்டரை மணியோடு கடையை மூடிவிடுவார். சாமான் பையைப் பூட்டி வைக்கச் சொல்லி அங்கே கொடுக்கப் போனவனை லோகநாயகி அம்மா வாசலிலேயே மடக்கிவிட்டார். ஓடி வந்திருந்தார், மூச்சு வாங்கியது.

"கஜபதி, நல்லவேளை நீ இருந்தே! மேலேர்ந்து வர்ற பைப்பு வெடிச்சு கூடமெல்லாம் தண்ணி. மூணரை மணிக்கு என் பொண்ணப் பாக்க வராங்கப்பா. ஒரே நிமிஷம் வந்து பாரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தைத்தான் அவன் வளைகாப்பன்றும் நம்பிப் போனான். வெடித்த இடம் எது என்றுகூட அவனுக்குத் தெரியும், அவன் பதித்த குழாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் அடைத்துவிடுவான். லோகநாயகி அம்மாவின் முகமோ அழுதுவிடும்போல் இருந்தது. இப்படிப்பட்ட முகத்தைப் பார்த்துவிட்டு அவன் ஒருநாளும் திரும்பிப் போனதில்லை.

"என்னால முடியாதும்மா" என்றான் கஜபதி. "எம் பொண்டாட்டிகிட்ட நாலு மணிக்கு வரேன்னு சொல்லிகீறேன். இன்னிக்குப் போவலன்னா அப்புறம் எனக்கு ஊடே இல்ல."

கஜபதி வண்டியைக் கிளப்பி, இரண்டு தெரு தள்ளியிருந்த ஆனந்தன் வீட்டுக்கு ஓட்டினான். ஆனந்தனும் குழாய் வேலைக்காரன்தான். வாடிக்கை வீடுகளைப் பிடிக்கும் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. கஜபதி தோல்பையை அப்படியே அவன் கையில் கொடுத்தான்.

"மாமே, லோகநாயகி அம்மா ஊட்ல பைப்பு வெடிச்சிகீது. பாத்ரூம் செவுத்துல, ஜன்னலுக்கு ஒரு சாண் கீழ கொத்து, பைப்பு வளையற எல்போ இருக்கும். எஞ் சாமானையே எடுத்துகினு போ. முடிச்சிட்டுதான் வரணும், பாதில உட்டுட்டு வராத."

"பாதில உட்டுட்டு வர்றதப் பத்தி நீ பேசறியா?" என்றான் ஆனந்தன். ஆனால் பையை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினான்.

தொழிற்பேட்டை வழியாகப் போய், வானகரம் ரோட்டைப் பிடித்து, பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைக்கு விரட்டினான் கஜபதி. வழியில் யார் கூப்பிட்டாலும் நின்று திருகிக் கொடுக்கக் கையில் ஒரு குறடுகூட இல்லை. பயத்தில் அவ்வளவு வேகமாக ஓட்டியிருந்தான், குப்பம்மா வீட்டுத் தெருவுக்கு வந்து பார்த்தால் மூன்றேகால்தான் ஆகியிருந்தது.

உள்ளே போய்விடலாம். ஆனால் நாலு என்று சொல்லியிருந்தான். நாலு என்றால் நாலு என்று அவளும் சொல்லியிருந்தாள். முன்னால் போவதும் சொன்ன சொல் தவறுவதுதானோ என்று அவனுக்கு ஒரு சந்தேகம். எதிரில் பஞ்சர் கடை நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, டைரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு டீ குடித்தான். வேட்டியைச் சரிசெய்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான். பஞ்சர் கடைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். டைரி கீகீ என்று கத்தியதும் தெருவைக் கடந்து கதவைத் தட்டப் போனான். தட்டும் முன்பே கதவு திறந்தது.

புஷ்பா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்து, முன்னைவிட அழகாக இருந்தாள்.

"எம்மாம் நேரமா எதுர்ல நின்னுகினு கீறே, இன்னாய்யா பண்ணிகினு இருந்தே?"

"பாத்தியா?"

"ஜன்னல்லதான ஒக்காந்துகினு இருந்தேன். மத்தியானம் சோறு துன்னதுலேர்ந்து." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதைச் சொல்வதாக அவள் நினைத்திருக்கவில்லை. "வந்தவன் உள்ள வர வேண்டிதானே?"

"நாலுன்னுதானே சொன்னேன்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் கஜபதி வாசற்படியிலேயே நின்றான். "ராகு காலம் வந்துரும் மாப்ள, உள்ள வாங்க" என்று உள்ளேயிருந்து குப்பம்மா குரல் கொடுத்தாள். வாசற்படி தாண்டி வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கையில இன்னாது, கால்குலேட்டரா?"

கொடுத்தான். புஷ்பா பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை அவளுக்குக் கூட்டிப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தாள். யார் வீட்டில் சின்க், யார் வீட்டில் வால்வு, எப்போது தொடக்கம், எப்போது முடிவு, எல்லாம் இருந்தது. அவன் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைய தேதிக்கு வந்து நின்றாள். காலை வேலை இரண்டுக்கும் முடியும் மணி இருந்தது. அதற்குக் கீழே நாலு மணி, புஷ்பா என்று மட்டும் இருந்தது.

அவள் நிமிர்ந்தாள். குரலில் பழைய கூர் மறுபடியும் வந்திருந்தது. "ஊராங்க வேலைக்கெல்லாம் முடியற நேரம் போட்டுகீறே. எனக்கு நாலுன்னு போட்டதோட உட்டுட்டே. ஏன், எத்தினி மணிக்குக் கெளம்பப் போறேன்னு எனக்குத் தெரியக்கூடாதா?"

"போட்டா அது கத்தும், புஷ்பா" என்றான் கஜபதி. "கத்துனா நான் எழுந்து போவணும்."

புஷ்பா டைரியை மூடினாள். மூடியதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "எம்மா, ராத்திரிக்கு இன்னோர் ஆளுக்கும் சேத்து ஒல வை" என்றாள்.